விருந்தாளி வந்தால் குறையும் குப்பை

டொராண்டோ விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி, வந்த நோக்கம் என்ன என்று கேட்டார். கடல்குப்பைக் கணக்கெடுப்பை அலசிப் பார்க்கப் பயிற்சி கொடுக்க, என்றேன்.

"இங்கே கடல் இல்லையே."

ஏரி இருக்கிறது, அதற்கும் அதே முறைதான் என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. போகச் சொன்னார், இரக்கமாக இருக்கலாம்.

என் பயம் வேறு. மடிக்கணினியில் ஒரே ஒரு வரைபடம் வைத்திருந்தேன். சென்னையில் எங்கள் கடற்கரைக் குப்பை ஒரு மார்ச் மாதம் சட்டென்று குறைந்ததைக் காட்டும் கோடு. எங்கள் விழிப்புணர்வுப் பிரசாரத்தின் பலன் அது என்று சொல்லிச் சொல்லித்தான் நான் பயிற்சியாளன் ஆனேன். எப்படித் தெரியும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, நான் தங்கியிருந்த டோர்செட் பார்க்கிலிருந்து புஷ்பம் அக்கா காரில் அழைத்துப் போனார். ஏரிக்கரையில் குப்பை எண்ணும் தன்னார்வலர் குழுவின் தலைவி, யாழ்ப்பாணத்துக்காரர். வகுப்பு நடக்கும் அஜக்ஸுக்கு 401 நெடுஞ்சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டர். வழியில் காபி இரண்டரை டாலர். ரூபாயில் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ஆறிவிட்டது.

"ஏன் தம்பி வேர்க்குது? ஹீட்டரைக் குறைக்கட்டோ?"

"வேணாம்க்கா. இது உள்ளேயிருந்து வருது."

வகுப்பில் முதலில் என் மார்ச் மாதக் கோட்டைக் காட்டிவிட்டு, அவர்களுடைய கணக்கைத் திரையில் போட்டேன். அவர்கள் கோட்டில் இரண்டு பெரிய பள்ளங்கள். காற்று, மழை, நீரோட்டம் என்று காரணங்களை அடுக்கினேன்.

"மழையுமில்லை ஒண்டுமில்லை தம்பி," என்றார் அக்கா. "உது லண்டன் மச்சாள் வந்த கிழமை. ஏரி பாக்க ஆக்கள் வரேக்க குப்பையாக் கிடந்தா என்ன நினைப்பினம்? கூட்டிப்போட்டுத்தான் எண்ணினனாங்கள்."

"அப்ப இந்தப் பள்ளம்?"

"அது நோர்வே சித்தப்பா."

மதியம் களப்பயிற்சிக்குக் கரையில் இறங்கினோம். கோயில் பிரகாரம் போல இருந்தது. நான் வருகிறேன் என்று அன்று காலையே கூட்டியிருந்தார்கள். எண்ணக் கிடைத்தது ஒரே ஒரு காபி மூடி. என்னுடையது.

முதலில் எண்ணுங்கள், பிறகு கூட்டுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் யோசித்தார்.

"தம்பி, உங்கட மார்ச்சில ஆர் வந்தவை?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சற்றுத் தாமதமாக. "பார்த்துச் சொல்றேன்க்கா" என்றேன்.

திரும்பும் விமானத்தில், பார்க்காமலே நினைவுக்கு வந்தது. அந்த மார்ச்சில்தான் எங்களுக்கு நிதி தருபவர்கள் கடற்கரையைப் பார்க்க வந்தார்கள். எவ்வளவு சுத்தம் என்று அவர்கள் வியந்தபோது, பக்கத்தில் நின்று நானும் சேர்ந்துதான் வியந்தேன்.