இரட்டைக் கேட்

இசக்கிசெல்வி தன்னைத் துரத்தும் தீர்மானத்துக்குத் தானே கைதட்டியவள். கொச்சி மட்டாஞ்சேரியில் இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் மீதிக் கதையைச் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

தென்காசிப் பக்கத்துக்காரி. கட்டட வேலைக்கு இங்கே வந்த கணவன் இறந்த பிறகு, எங்கள் சந்து முனையில் தோசை வண்டி போட்டு இரண்டு பெண்களை ஆளாக்கினாள். அந்த முனை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

போன மாதம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் கிருஷ்ணபிரசாத், "நம்மட சந்தில தட்டுக்கட எல்லாம் எராடிகேட் செய்யணும்" என்றார். தெருவோரச் சாப்பாட்டு வண்டிகளுக்குத்தான் இங்கே தட்டுக்கடை என்று பெயர். செல்வியின் காதில் விழுந்ததோ 'இரட்டைக் கேட்'. சந்துக்கு இரட்டைக் கேட் போட்டால் லாரி வராது, ஜனங்கள் நிம்மதியாக நின்று சாப்பிடலாம் என்று நினைத்துப் பலமாகக் கைதட்டிவிட்டாள்.

ஞாயிறுதோறும் நானும் செல்வியும் மாளவிகா டீச்சரிடம் ஆங்கிலம் பேசப் படிக்கிறோம். அங்கே போய், "டீச்சரே, எராடிகேட்னா ரெண்டு கேட்டுதானே?" என்று கேட்டாள்.

"அய்யோ, இல்ல சேச்சி. மிச்சம் வைக்காம வேரோட அழிக்கிறது. எல்லாரும் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க."

மற்றவர்கள் போலியோ, வறுமை என்று சொன்னார்கள். செல்விக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன மூட்டப்பூச்சியா? என்னையே கைதட்ட வச்சிட்டானுவளே!" என்றாள். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தோசையைத் தின்ற கை காயும் முன்னே போட்ட தீர்மானம் அல்லவா!

அடுத்த கூட்டத்தில் வண்டியை எடுக்கத் தேதி குறித்தார்கள். செல்வி எழுந்தாள்.

"கையடிச்சது நீங்களல்லே செல்வி?" என்றார் கிருஷ்ணபிரசாத். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமா சாரே, அப்ப அர்த்தம் தெரியாது. இப்ப வாக்கியமே வரும், கேளுங்க. எவ்ரி இயர் யூ எராடிகேட் மஸ்கிட்டோ."

சங்கம் வருஷா வருஷம் கொசுவுக்குப் புகை அடிக்கிறது. காலைச் சொறிந்துகொண்டிருந்த பலர் கையை எடுத்துக்கொண்டார்கள்.

"மஸ்கிட்டோ இஸ் ஹியர். ஐ ஆம் ஆல்சோ ஹியர். நாளைக்கும் ஹியர்தான், தோசை வேணும்னா வாங்க."

தீர்மானம் இன்னும் ரத்தாகவில்லை. வண்டியும் நகரவில்லை. கிருஷ்ணபிரசாத் தினமும் தோசைக்கு வருகிறார். செல்வியிடம் மட்டும் இப்போது ஆங்கிலம் கலக்காமல் பேசுகிறார்.