மதலேன் அக்கா கட்சி மாறிய நாள்

போன வியாழக்கிழமை காலை மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த மதலேன் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டதாக அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. முந்தின நாள் மாலைதான் என்னிடம், "நாளன்னிக்குள்ள சொல்லிடு, அப்புறம் சீட்ட விட்டுடுவாங்க" என்று சொல்லியிருந்தார்.

எனக்கும் மகளுக்கும் பாரிசுக்கு, இன்னும் உறுதி செய்யாமல் எடுத்துவைத்த டிக்கெட் அது. அங்கே வேலை பார்க்கும் என் கணவர் ஒரு வயது மகளைப் போனில்தான் பார்த்திருக்கிறார். விமான டிக்கெட் போடும் அலுவலகத்தில் ஆறு வருடம் இருந்தும் நான் விமானம் ஏறியதில்லை. இரண்டு எஞ்சினை நம்பிக் குழந்தையோடு ஏற மனம் வராமல் ஏற்கெனவே இரண்டு முறை டிக்கெட்டை ரத்து செய்திருந்தேன்.

அக்காவைத் தெரிந்த உங்களுக்கு அந்தச் சண்டை நினைவிருக்கும். பெரிய ஊர்களுக்கு நடுவே ஐந்நூறு பேரை ஏற்றிப்போகும் நாலு எஞ்சின் மாடி விமானத்துக்குத்தான் எதிர்காலம் என்றது ஐரோப்பிய நிறுவனம். அவரவர் ஊருக்கு நேராகப் போகும் இரண்டு எஞ்சின் விமானமே போதும் என்றது அமெரிக்க நிறுவனம். அக்கா மாடி விமானக் கட்சி. "நம்ம ஜனம் தனித்தனியா போகாதுப்பா. கல்யாணம்னா தெருவே ஏறும்" என்பார். பக்கத்து மேசை சேகர் விடமாட்டார். "உங்க மாடி வீட்டுக்குக் குடி வர ஆள் வேணுமேக்கா."

குருசுக்குப்பத்துக் குடும்பம் ஒன்றுக்குப் பிரான்சில் கல்யாணம் வந்தது. நாற்பத்திரண்டு பேரையும் அக்கா ஒரே மாடி விமானத்தில் போட்டார். அது நிறையவில்லை என்று கடைசி வாரத்தில் சின்ன விமானத்தை மாற்றி விட்டார்கள். இடமில்லாமல் நின்றவர்களில் பெண்ணின் தாய்மாமனும் ஒருவர். அவர் இல்லாமல் யார் சீர் வைப்பது? அக்கா அந்த வீட்டுக்கே போய், "தப்பு என்னுது. பெருசுன்னு பாத்தேன், நெறையுமான்னு பாக்கல" என்றார். பெங்களூரிலிருந்து நேராகப் போகும் இரண்டு எஞ்சின் விமானத்தில் மாமனுக்கும் மற்றவர்களுக்கும் இடம் பிடித்தார். முதல் டிக்கெட்டிலேயே போனவர்கள் வழியில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்துக்கிடக்க, மாமன் முன்னதாகவே போய்ச் சேர்ந்து எல்லோரையும் வரவேற்றார்.

மறுநாள் அக்கா நேராக சேகரின் மேசைக்குப் போனார். "நீ சொன்னதுதாம்பா சரி. இன்னையிலேந்து நான் உன் கட்சி." சேகருக்குத்தான் கூச்சமாகிவிட்டது. பின்னால் மாடி விமானம் கட்டுவதையே நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது, அக்காதான் அதை எங்களுக்குச் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினார்.

கடைசியாகப் பேசிய அந்தப் புதன்கிழமை அக்காவிடம், நாலு எஞ்சின் விமானம் கிடைக்கும்போது போகிறேன் என்றேன்.

"அதை இனிமே யாரும் கட்டப் போறதில்லம்மா. ரெண்டு எஞ்சின்ல ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு கொண்டுபோய் எறக்கிடும், அப்படிச் சோதிச்சுத்தான் விடறாங்க. பயமா இருக்கா? பயந்துகிட்டே ஏறு."

நேரமாகிவிட்டதென்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நம்பியதை உரக்கச் சொல்வதும், தப்பென்று தெரிந்தால் அதே குரலில் மாற்றிச் சொல்வதும்தான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது. வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நின்றபடியே, டிக்கெட்டை உறுதி செய்யுமாறு எல்லோர் காதிலும் விழும்படி சேகரிடம் சொன்னேன். அடுத்த மாதம் என் மகள் அப்பா மடியில் உட்காருவாள்.