அனுமதி சாரும் எச்சரிக்கைப் பெட்டியும்

நீரேற்று நிலையத்தின் மேற்பார்வையாளருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. எல்லாருக்கும் அவர் அனுமதி சார். குடை எடுக்கலாமா என்று வானத்தைப் பார்க்காமல் மனைவியைப் பார்ப்பவர். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோது அண்ணன் முகத்தைத் திரும்பிப் பார்த்தவர். வீட்டோடு கிடந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் கையில் ஊரின் தண்ணீரைக் கொடுத்தார்கள்.

நிலையத்தில் ஒரு லினக்ஸ் கணினி இருந்தது. கீழ்த்தெருக்களுக்குத் தண்ணீர் விடும் வால்வை அதில்தான் திறக்க வேண்டும். வெளியாள் புகுந்து விளையாடக் கூடாது என்று அதற்கு இணையமே கொடுக்கவில்லை, நல்ல முடிவுதான். புதிய மென்பொருள் தேவைப்பட்டால் தலைமையகத்துப் பொறியாளர் பென்டிரைவில் கொண்டுவந்து போடுவார். ஆனால் இணையம் இல்லை என்பதை அந்தக் கணினிக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. தினமும் காலையில் அது புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று தானாகத் தேடும். கிடைக்காது. ‘புதுப்பிப்புகளைத் தேட முடியவில்லை’ என்று திரையில் ஓர் எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டும். அதை மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம். வால்வுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சம்பந்தத்தை அனுமதி சார் உண்டாக்கினார். எச்சரிக்கை வந்தால் தலைமையகத்தைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினார். அங்கே அதிகாரி வந்து, காப்பி குடித்து, போனை எடுத்து, “பெட்டியை மூடிட்டு வால்வைத் திறந்து தொலைங்கய்யா” என்று எரிந்து விழும்வரை கீழ்த்தெருக் குழாய்கள் காற்றைத்தான் ஊதின. ஊழியர் குடியிருப்புக்குப் போவது பழைய குழாய். அதற்குக் கையால் திருகும் வால்வு. அதில் எச்சரிக்கை வராது. அனுமதி சார் அங்கேதான் குடியிருந்தார். பளிச்சென்று குளித்துவிட்டு வந்து, குளிக்காதவர்களுக்குப் பொறுமையைப் போதித்தார்.

ஒரு நாள் காலையில் கீழ்த்தெருவிலிருந்து ஒரு பெண் காலி வாளியோடு வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்.

“ஐயா, இன்னொரு நாள் லேட்டா வந்தா வேலைக்கே வராதேன்னுட்டாங்க. பிள்ளைங்களைக் குளிப்பாட்டி, சோறாக்கி வெச்சிட்டுத்தான் கிளம்பணும். நாளைக்காவது நேரத்துக்கு விடுவீங்களா?”

“நானாம்மா பிடிச்சு வெச்சிருக்கேன்? மிஷின் எச்சரிக்குது. ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

“தண்ணி விட்டா என்னய்யா ஆகும்? தண்ணி வரும்.”

கணினி முன்னால் இருந்தவள் சிரிப்பை அடக்கவில்லை. அவள் அனுமதி சாரின் மைத்துனி, மனைவியின் தங்கை. வேலை அவளே தேர்வு எழுதி வாங்கியது. சிபாரிசு செய்யக்கூட இந்த மனிதர் யாரிடமாவது அனுமதி கேட்டிருப்பார்.

“அத்தான், அது இல்லாத நெட்டைத் தேடுது. தேடாதேன்னு ஒரு இடத்துல மாத்திட்டா பெட்டியே வராது. மாத்தட்டுமா?”

“மேல எழுதிக் கேட்போம்.”

“வீட்டுல பிள்ளைங்க பசிக்குதுன்னாலும் எழுதித்தான் கேப்பீங்களா?”

“வீடு வேற, ஆபீஸ் வேற.”

“ஆமா. வீட்டுல தண்ணி வருது.”

வாளிக்காரப் பெண் இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மைத்துனி அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். புதுப்பிப்புகளைத் தானாகத் தேட வேண்டுமா என்ற இடத்தில் ‘தினமும்’ என்று இருந்ததை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று மாற்றிக் கடவுச்சொல்லைத் தட்டினாள். அனுமதி சார் அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் பார்க்கல.”

“பார்க்காதீங்க. முடிஞ்சிடுச்சு.”

இவர் கெட்டவர் அல்லர், பயந்தவர் என்று பரிந்து பேச ஆட்கள் உண்டு. பயந்தவன் தன் குழாயை மூடிக்கொண்டு பயப்படட்டும். தன் பயத்துக்குப் பொறுப்பு என்று பெயர் வைத்து, அதற்கான விலையை அடுத்த தெருக்காரி கையிலிருந்து பிடுங்குகிறவனைக் கெட்டவன் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

மறுநாள் கணினி விழித்தது. திரை துடைத்து விட்டதுபோல் இருந்தது. அனுமதி சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதன் நான்கு மூலைகளிலும் தேடினார்.

“பெட்டி எங்க?”

“வராது அத்தான். திறக்கட்டுமா?”

“இரு, இரு. தினம் வர்றது இன்னிக்கு வரல. அதுவே ஒரு எச்சரிக்கைதானே?”

போனை எடுத்துவிட்டார். தலைமையகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மைத்துனி அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள், வால்வைத் திறந்தாள். தரைக்கடியில் குழாய் உறுமியது, தண்ணீர் கீழ்த்தெருக்களை நோக்கி ஓடியது.

“அத்தான், தண்ணி போயிடுச்சு.”

அவர் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். “இரு, கேட்டுச் சொல்றேன்.”

வெயில் ஏறியது. ஆஸ்பத்திரிப் பெண் ஈரத் தலையை முடிந்துகொண்டே நிலையத்தின் வாசலைக் கடந்து வேகமாக நடந்தார். ஜன்னல் வழியே போனும் கையுமாக இருந்தவரைக் கண்டார், நிற்கவில்லை. நிற்க அவருக்கு ஏது நேரம்? அவருக்கு வேலை இருந்தது.

அவர் ஆஸ்பத்திரியில் பாதித் தரையைத் துடைத்து முடித்திருந்தபோதுதான் தலைமையகத்தில் போனை எடுத்தார்கள். அனுமதி சார் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார்.

“வணக்கம் ஐயா. இன்னிக்கு எச்சரிக்கை எதுவும் வரலைங்க. தண்ணி திறக்கலாங்களா?”