நடுவிலிருந்த வெற்றுக் கணம்

சென்ற மாசியில் காலமான விசாலாக்ஷி, டெல்லியில் தமிழர் குடிசைப்பகுதியான மதராசி கேம்பில் பதினோரு வருஷம் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியவள். 1979இல் அவள் வேலை பார்த்த லோதி ரோடு ஆராய்ச்சி அலுவலகத்துக்குக் கணிதம் படித்த சுகந்தி வந்தாள். அதே படிவங்களை வைத்துப் பலகையில் மூன்று வட்டங்கள் போட்டாள்: வீட்டு வேலை, துப்புரவு, கட்டட வேலை. டைரக்டர் எழுந்து நின்று பாராட்டினார். விசாலாக்ஷியை அவர் ஒருநாளும் உட்காரக்கூடச் சொன்னதில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது.

"மூணும் வெட்டற இடம் வெற்றுக் கணம். மூணு வேலையும் செய்யறவங்க யாருமே இல்லை," என்றாள் சுகந்தி.

"ஏன் இல்லை? குஞ்சம்மாள் மூணும் செய்யறாளே! கேம்புல ஒருநாளாவது கால் வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்டீ."

"அச்சா! அப்போ படிவத்தில ஒரு வேலைதானே இருக்கு, மாமி?"

ஆளுக்கு ஒரு வேலை மட்டும் எழுதுவது விசாலாக்ஷியே வைத்துக்கொண்ட வழக்கம். குஞ்சம்மாள் இப்போதுதான் மற்ற வேலைகளில் சேர்ந்தாள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் சுகந்தியின் வட்டங்கள் சரியென்று ஆகிவிடும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு எழுதினது நான்தான். தப்பு," என்றாள்.

மறுநாள் புதிய படிவங்களோடு இருவரும் கேம்புக்குப் போனார்கள். குஞ்சம்மாள் முதலில் தன்னிடம்தான் பேச வேண்டுமென்று விசாலாக்ஷி இரண்டடி முன்னாலேயே நடந்தாள்.