மாத்திரைக்காரனின் மனையில் த்ரோபால்

எங்கள் தெருமுனையில் மூடிக்கிடக்கும் அரிசி மில்லுக்கு முன்னால் ஒரு காலி மனை. பொழுது சாய்ந்ததும் அங்கே ஒருவன் பைக்கில் வந்து நிற்பான். காலேஜ் பிள்ளைகளும் தறி வேலை முடிந்த பையன்களும் அவனைச் சுற்றிக் கூடுவார்கள். வலி மாத்திரையைப் போதைக்கு விற்கிறான் என்பது தெருவுக்கே தெரியும். புகார் கொடுத்தோம். போலீஸ் வருவதற்குள் போய்விடுவான். மறுநாள் அதே இடத்தில் நிற்பான்.

எதிர்வீட்டுக்காரியின் மகன் அந்த மாத்திரையில் விழுந்தவன். சிகிச்சை முடிந்து அவன் வீடு திரும்பிய வாரமே, அந்த பைக் அவர்கள் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. அன்று அவள் என்னிடம் வந்து, காலேஜில் த்ரோபால் ஆடினேன் என்பாயே, பந்து இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை.

"அவன் நிக்கிற எடத்துல நாம நின்னுக்கினு இருந்தா, அவன் எங்கமா நிப்பான்?" என்றாள்.

மறுநாளே முள்செடிகளை வெட்டி, வலை கட்டினோம். கல்யாணங்களுக்கு லைட் போடுகிற பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பெரிய விளக்குகளை மாட்டிக்கொடுத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் இறங்கினார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பந்து என் உள்ளங்கையில் வந்து அறைந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவன் வந்தான். அம்மாக்கள் ஆடுகிற இடத்தில் எந்தப் பையன் அவனிடம் போவான்? வெறுங்கையோடு திரும்பினான்.

சில நாள் பொறுத்தவன், ஒரு சாயங்காலம் பைக்கை நேராக வலைக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தினான். வீட்டுக்குள் போய் ஆடச் சொன்னான். எதிர்வீட்டுக்காரி நடந்து போய் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். ஒருத்தி போலீசுக்கு போன் போட்டாள். அவன் தோளில் கிடந்த பையைக் கழற்றி, மில் சுவருக்கு அந்தப் பக்கம் விழும்படி வீசினான்.

நான் எம்பினேன். எப்படி எம்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது. பை என் இரண்டு கைக்குள் இருந்தது. உள்ளே அட்டை அட்டையாக மாத்திரைகள். பெண்கள் போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்துவிட்டது. போலீஸ் வரும்வரை பையை நெஞ்சோடு அணைத்தபடியே நின்றேன்.

அவன் இப்போது ஜெயிலில். அவள் மகன் வேலைக்குப் போகிறான். சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான், அவள் வெளியே உட்கார்ந்து பேச்சுக்கொடுக்கிறாள். பின்தெருவில் வேறொருவன் தலைகாட்டியதும் அங்குள்ள பெண்கள் எங்களிடம் வந்து ஆட்டம் கற்றுக்கொண்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை எங்களையே தோற்கடித்துவிட்டார்கள்.