வேண்டாததை அடிக்கவும்

எறும்பக்காவின் ஊசியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் உலவும் கதைகளில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடலாம். போட்டதே தெரியாமல் மறுநாளும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்ற பிள்ளைகள் உண்டாம். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒருவனுக்குப் போட்டாராம், அவன் கொட்டாவியை முடித்துவிட்டுத்தான் "எப்ப போடுவீங்க?" என்று கேட்டானாம். மீதிப் பாதி உண்மை. இருபத்தோரு வருஷமாக ஆறு பள்ளிகளைச் சுற்றிவரும் அந்த நர்ஸ், "ஒண்ணுமில்ல கண்ணு, எறும்பு" என்று சொல்லி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பார். பெயர் அப்படி வந்ததுதான். வீட்டுக்காரர் ஒருநாள் கோபத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அடுத்த ஒரு வாரம் தன் காபியைத் தானே போட்டுக் குடித்தார்.

கைதான் மென்மை. யார் ஊசி போடலாம் என்ற பேச்சு வந்துவிட்டால் அந்த அம்மாள் இம்மியும் அசையமாட்டார். பள்ளியின் மருத்துவ அறையில் அலமாரிக் கதவின்மேல் ஒரு தாளை ஒட்டிவைத்திருந்தார். பயிற்சி பெற்ற நர்ஸ்தான் போடலாம். பெற்றவர்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்த பிள்ளைக்குத்தான் போடலாம். கூப்பிட்ட குரலுக்கு வரும் தூரத்தில் டாக்டர் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஊசி பெட்டியை விட்டு வெளியே வராது.

ஒருமுறை விளையாட்டு வாத்தியார், மத்தியானம் பந்தயம் இருக்கிறது, வரிசை நகரவே மாட்டேன் என்கிறது என்று தாமே உதவிக்கு வந்தார்.

"ஆளுக்குப் பாதியாப் போட்டா சட்டுனு முடிஞ்சிடும் சிஸ்டர். எங்க வீட்டு நாய்க்கு நான்தான் போடுவேன்."

"நாய் கடிச்சா உங்களை மட்டும்தான் சார் கடிக்கும். இதுங்களோட அம்மாங்க என்னையும் சேர்த்துக் கடிப்பாங்க. நகருங்க."

சொந்தத் தங்கை, நர்ஸ் படிப்பு முடிக்க ஒரு வருஷம் இருந்தபோது, "பத்துப் பிள்ளைக்குப் போட்டுப் பழகிக்கிறேனே அக்கா" என்று கெஞ்சினாள். அவளுக்கும் அலமாரிக் கதவைத்தான் காட்டினார். தங்கை ஆறு மாதம் பேசவில்லை. தாள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த வியாழக்கிழமை ஐந்தாம் வகுப்பு. தொண்டை அடைப்பானுக்கும் ரண ஜன்னிக்கும் சேர்த்துப் போடும் ஊசி. மொத்தம் எண்பது பிள்ளைகள். ஒவ்வொருவர் கையிலும் பெற்றவர்கள் கையெழுத்திட்ட அரைப் பக்கப் படிவம். அதில் ஒரே ஒரு வரிதான் முக்கியம்: "என் பிள்ளைக்குத் தடுப்பூசி போடச் சம்மதம் / சம்மதமில்லை. வேண்டாததை அடிக்கவும்." சிலர் ஸ்கேல் வைத்து அழகாக அடித்திருந்தார்கள். ஒரு தகப்பனார் தாள் கிழியும்வரை அடித்திருந்தார், பிள்ளைமேல் இருந்த கோபமோ என்னவோ. சம்மதமில்லை என்ற சொல்மேல் கோடு விழுந்திருந்தால் ஊசி. சம்மதம் என்பதன்மேல் விழுந்திருந்தால் வகுப்புக்குத் திரும்பு. இருபத்தோரு வருஷப் பழக்கம், கண் தானாகப் படித்துவிடும்.

முப்பத்தெட்டாவதாக ஒரு பெண் வந்தாள். முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. அவள் படிவத்தில் சம்மதமில்லை என்பதன்மேல் சாய்வாக ஒரு சின்னக் கோடு.

"முன்னாடி ஊசி போட்டு உடம்புக்கு ஏதாச்சும் பண்ணிச்சா தங்கம்?"

பெண் இல்லையென்று தலையாட்டினாள். எறும்பு கடித்தது. அரைமணி நேரம் உட்காரும் பெஞ்சுக்குப் போனாள்.

அடுத்த பிள்ளையின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பெஞ்சிலிருந்து அந்தப் பெண் பக்கத்துப் பிள்ளையிடம் பெருமையடிப்பது காதில் விழுந்தது.

"எங்கம்மா எனக்கு வேணாம்னுதான் டிக் அடிச்சாங்க. ஆனா வலிக்கவே இல்லடி."

எறும்பக்காவின் கை நின்றது. படிவத்தைத் திரும்ப எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கோடு சொல்லை முழுக்கக் கடக்கவில்லை. ஓரத்தில் தொடங்கி மேலே ஓடியிருந்தது. அதன் அடியில், கொசுக்கால் அளவுக்கு ஒரு மடிப்பு. அடித்த கோடு இல்லை அது. டிக்.

"ஏன் கண்ணு, உங்கம்மா ஏன் வேணாம்னாங்க?"

"சின்ன வயசுல இந்த ஊசி போட்டப்ப மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கி, மூச்சு விட முடியாம ஆயிட்டேனாம்."

"அடிப்பாவி, நான் கேட்டேனே!"

"எனக்குத்தான் ஞாபகம் இல்லையே அக்கா. அம்மா சொன்னதுதானே."

ஊசியைத் தட்டில் வைத்தார். வரிசையை வகுப்புக்குப் போகச் சொன்னார். "ஊசி கிடையாதுடோய்!" என்று நாற்பத்திரண்டு பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரை பெயர்ந்து எதிர் வீட்டு மாடியில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கும். அவருக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. அடுத்த தெரு டாக்டருக்கும் பஸ் கண்டக்டரான அந்தத் தாய்க்கும் போன் போகச் செய்தார். ஆபத்துக்கு வைத்திருக்கும் மருந்தை உடைத்துத் தயாராக எடுத்துக்கொண்டு பெண்ணின் எதிரில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். உதட்டைப் பார்த்தார், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார், மறுபடி உதட்டைப் பார்த்தார்.

"ஏன்க்கா என்னையே பாக்கறீங்க?"

"அழகா இருக்கியேன்னுதான்."

பன்னிரண்டாவது நிமிஷம் பெண் கழுத்தைச் சொறிந்தாள். ரவிக்கை ஊக்கு அளவில் ஒரு தடிப்பு, பிறகு உள்ளங்கை அளவில். டாக்டர் ஓடிவந்து நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். மூச்சு சுத்தமாக இருந்தது. மருந்து கொடுத்தார். அரைமணி நேரம் அங்கேயே இருந்தார். தடிப்பு வாடத் தொடங்கியபின், "சாயந்திரம் வரைக்கும் கண்ணை எடுக்காதீங்க, உதடு வீங்கினா ஆபத்துக்கு எடுத்து வச்ச ஊசியைப் போட்டுட்டு என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிப் போனார்.

பெரிய டீச்சர் கதவைச் சாத்திவிட்டுப் படிவத்தைக் கையில் வாங்கினார்.

"இது அடிச்ச மாதிரியும்தானே இருக்கு சிஸ்டர்? கோடு கொஞ்சம் குட்டையா நின்னுபோச்சு. அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே ஒரு பேனாவை மேஜைமேல் படிவத்தின் பக்கத்தில் வைத்தார். அரை அங்குலம் நீட்டினால் போதும். நீல மை, அதே நீலம். எறும்பக்கா பேனாவைப் பார்த்த நேரம் கொஞ்சம் அதிகம்தான். அவர் மகான் ஒன்றுமில்லை, இன்னும் ஏழு வருஷம் வேலை பார்க்க வேண்டியவர். பெஞ்சில் பெண் இருமினாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். வெறும் இருமல். திரும்பி வந்து பேனாவை எடுத்து மூடி, பெரிய டீச்சரிடம் நீட்டினார்.

"எடுத்துட்டுப் போயிடுங்க டீச்சர். இங்க இருக்க வேணாம்."

தாய் பாதி வழியில் பஸ்ஸை வேறொருவரிடம் விட்டுவிட்டு, தோள்பையோடு வந்தாள். முதலில் மகளின் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். பிறகுதான் திரும்பினாள்.

"வேணாம்னு எழுதிக் குடுத்தேனே நர்ஸம்மா!"

"டிக் அடிச்சிருந்தீங்க. நான் அடிச்ச கோடுன்னு படிச்சிட்டேன்."

"வேண்டாததை அடின்னு போட்டிருக்கு. எனக்கு ஊசி வேண்டாம். அதான் அங்க டிக் அடிச்சேன். ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டு அடிச்சேன். அதுக்கு மேல எப்படி அடிக்கறது?"

அந்த வரியை அப்படியும் படிக்கலாம் என்பது இத்தனை வருஷத்தில் எறும்பக்காவுக்குத் தோன்றியதே இல்லை.

"தப்பு என்னோடதுதாம்மா. சந்தேகம் வந்திருக்கணும். வரல."

"எம்பொண்ணுக்கு ஊசி போட உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?"

"யாரும் குடுக்கல."

தாய் அழவில்லை, மன்னிக்கவுமில்லை. புகார் எழுதத் தாள் கேட்டாள். எறும்பக்காவே எடுத்துக் கொடுத்தார். சுகாதார அதிகாரிக்கு என்று எழுதச் சொல்லி, தேதியும் மணியும் சொன்னார்.

"உங்களை என்னன்னு போடறது? நர்ஸுன்னா?"

"போடுங்க. பயிற்சி பெற்ற நர்ஸ். பெற்றோர் சம்மதம் இல்லாம போட்டாங்கன்னு பக்கத்துலயே எழுதுங்க. விட்டுடாதீங்க."

தாய் நிமிர்ந்து ஒரு கணம் பார்த்தாள். மறுபடி குனிந்து எழுதினாள். எழுத்து பஸ்ஸில் எழுதியதுபோலவே கோணலாக இருந்தது. மூன்றரை மணிக்கு, டாக்டர் வந்து மறுபடி பார்த்துச் சரியென்றபின், மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

பெரிய டீச்சர் எட்டிப் பார்த்தார். "மீதி நாப்பத்திரண்டு பேரு நாளைக்கா?"

"நான் இல்ல டீச்சர். அவங்க விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் நான் ஊசியைத் தொடக்கூடாது."

பெட்டியைப் பூட்டினார். அந்தப் பெண்ணுடையது போக, காலையில் ஊசி போட்ட முப்பத்தேழு படிவங்களும் மேஜைமேல் இருந்தன. ஒவ்வொன்றாக ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். ஸ்கேல் வைத்து அடித்தவை ஒரு பக்கம், தாள் கிழிய அடித்தவர் அதே பக்கம். சந்தேகமானவை இன்னொரு பக்கம் சேர்ந்துகொண்டே வந்தன. குட்டையாக, சாய்வாக, சொல்லைக் கடந்தும் கடக்காமலும் பதினொரு கோடுகள். பதினொரு பிள்ளைகளும் இந்நேரம் பையைத் தூக்கிக்கொண்டு வீடு போய்க்கொண்டிருப்பார்கள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் படிவத்திலிருந்த எண்ணை அழுத்தினார். மூன்றாவது மணியில் ஒரு ஆண் குரல் எடுத்தது.

"ஸ்கூல் நர்ஸ் பேசறேங்க. பயப்படாதீங்க. உங்க பையன் படிவத்துல நீங்க ஒரு கோடு போட்டிருக்கீங்க. அது அடிச்சதா, டிக் அடிச்சதா?"

"என்னம்மா கேள்வி இது? ரெண்டும் ஒண்ணுதானே?"