ஆறு வீடும் நடந்து வந்த கதை

ஜொகூர்பாருவில் இன்றைக்கு என் பெயரில் பதினோரு வீடு நிற்கிறது. மூன்று லாரி ஓடுகிறது. படிப்பு என்று கேட்டால் இரண்டாம் வகுப்பு, அதுவும் பாதியில் நின்றது. யாரும் என்னைக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. என் தோளும் என் மாடும்தான் என்னை ஆளாக்கின. இதை எந்தச் சபையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். என்னைப் பற்றி எழுதினால் மலர் போதாது. அதனால் நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த ஒரே ஒரு மனுஷியைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் கருப்பாயி.

கருப்பாயி அக்கா யோங் பெங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, ஒண்டிப் பொம்பளைக்கு முழு லயத்து வீடு எதற்கு என்று கங்காணி இன்னொரு குடும்பத்தைச் சாமானோடு உள்ளே விட்டுவிட்டார். அக்கா சண்டை போடவில்லை. சட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு ஜொகூர்பாருவுக்கு வந்துவிட்டார்.

“அடுத்தவன் கூரைக்குக் கீழ இருக்கிற வரைக்கும் நம்ம சட்டி நம்ம அடுப்புல நிக்காதுடா அய்யாவு” என்று பிற்பாடு என்னிடம் சொல்வார். வேறு விளக்கம் எதுவும் சொல்ல மாட்டார்.

டவுனில் மாட்டுக்காரர்களுக்குப் புல் அறுத்துக் கொடுத்தார். ஒரு கடைக்குப் பின்னால் அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். பிடித்த வாரமே நடுவில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, பாதி அறையை ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்! தான் வாடகைக்கு இருக்கிற இடத்திலேயே வாடகை வாங்கியவர். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கடல்மேல் கல்லைக் கொட்டிச் சிங்கப்பூருக்குப் பாதை போட ஆரம்பித்த வருஷம் என் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கெங்கிருந்தோ வேலையாட்கள் வந்து குவிந்தார்கள். எல்லாரும் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்தபோது அக்கா மட்டும், “இத்தனை பேரும் எங்க படுப்பாங்க?” என்று கேட்டார்.

தெப்ராவ் ரோட்டை ஒட்டிச் சர்க்கார் நிலத்தில் ஒரு துண்டுக்கு லைசன்ஸ் எடுத்து முதல் வீட்டைக் கட்டினார். பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. கட்டியவர் பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, தச்சர் பாக் சமான். மலாய்க்காரர் வீடு கட்டுகிற விதமே தனி. தூணை மண்ணில் புதைக்க மாட்டார்கள், கல்லை வைத்து அதன்மேல் நிறுத்துவார்கள். பலகை அத்தனையும் என் மாட்டு வண்டியில் வந்ததுதான். அக்காவோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான்.

முதல் வீட்டு வாடகையில் பக்கத்திலேயே இரண்டாவது வீடு எழுந்தது. இரண்டு வீட்டு வாடகையும் சேர்ந்து மூன்றாவது வீடானது. அந்தக் காலத்தில் நம்ம ஜனம் நாலு காசு சேர்த்தால் உடனே இந்தியாவுக்கு அனுப்பி வயல் வாங்கும். வயல் விளையும், ஊரில் இருக்கிற மச்சான்மார் தின்பார்கள். நானும் ஒருநாள், “ஊர்ல ஒரு காணி வாங்கிப் போடுங்கக்கா” என்றேன்.

“என் கண்ணுக்குத் தெரியாத நெலத்துல எனக்கு என்னடா வெள்ளாமை?” என்றார். கையில் ஒரு வளையல் கிடையாது, காதில் வேப்பங்குச்சி. ஆனால் ஆறு வீடு!

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. எப்படிப்பட்ட விழுதல் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள், ரயில்வேயில் ஆள் குறைத்தார்கள், கப்பல் கப்பலாக ஜனத்தை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். வீடு வைத்திருந்தவர்கள் வாடகை தராதவர்களை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். பூட்டிய வீட்டுக்குக் கரையான் குடிவந்தது. அக்கா ஒருத்தரையும் தள்ளவில்லை. அதற்காக இரக்கப்பட்டுச் சும்மா இருக்க விட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

“வாடகை வேணாம்னு சொல்ல நான் என்ன கோயிலா கட்டி வெச்சிருக்கேன்? காசு இல்லேன்னா கை இருக்குல்ல, வாங்க” என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். கால் மைல் தள்ளி ஒரு சேற்று நிலம். ஊருக்குத் திரும்புகிற ஒருவர் வந்த விலைக்கு விற்க, அக்கா கையில் இருந்ததையெல்லாம் கொட்டி வாங்கியிருந்தார். மேட்டிலிருந்து செம்மண் வெட்டி, கூடையில் சுமந்து, அந்தச் சேற்றை மேடாக்க வேண்டும். அதுதான் வாடகை. ஏழாவது வீட்டுக்கு இடம் என்றார். தவளை வளர்க்கவா என்று ஊரே கேலி பண்ணியது.

மேடு ஒருவழியாக நிரம்பிய சமயத்தில், பழைய இடத்துக்குச் சர்வே ஆட்கள் வந்து, ஆறு வீட்டு முற்றத்திலும் சிவப்புத் துணி கட்டிய குச்சியை நட்டு, ஒரு நோட்டீஸையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ரோட்டை அகலமாக்கப் போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் நிலம் காலியாக வேண்டும்.

“என் நெலத்துல எவன்டா குச்சி நட்டது?” என்று அக்கா கையில் புல் அரிவாளோடு ஓடிவந்தார். மலாய்க் காகிதம் படிக்கத் தெரிந்த மளிகைக் கடை ஜெகபர் சாதிக் பாய்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

“அக்கா, நீங்க கட்டினது லைசன்ஸ் காசு. வருசத்துக்கு வருசம் இருந்துக்கன்னு சர்க்கார் குடுக்கற சம்மதம், அவ்வளவுதான். அவங்க நெனச்சா அடுத்த வருசம் குடுக்க மாட்டாங்க. அந்தச் சேத்து நெலம் இருக்கே, அதுதான் கிராண்ட், உங்க பேருக்கே பட்டா. அதை எந்த ராசாவும் உங்ககிட்ட கேக்க முடியாது.”

“பதினஞ்சு வருசமா தவறாம கட்டினேனே பாய்.”

“கட்டுனீங்க. நெலம் உங்களுது ஆகலையே.”

நம்ம ஜனத்தில் பாதிப்பேர் செய்த தப்பு இது. தவறாமல் காசு கட்டினால் நிலம் நம்முடையது என்ற நினைப்பு. அக்கா முதல் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வீடும் போனால் திரும்பவும் புல் அறுக்கப் போக வேண்டும். வயது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. குடியிருந்தவர்களுக்கும் தெருதான். மரக்கடைச் சீன முதலாளி, தவுக்கே என்போம், வந்து பலகையைத் தட்டிப் பார்த்து, விறகு விலை சொன்னார்.

அக்கா எழுந்து கம்பத்துக்குப் போய்ப் பாக் சமானைக் கூட்டிவந்தார்.

“உங்க கம்பத்துல போன வருசம் ஒரு வீட்டைத் தூக்கிட்டுப் போனீங்களே, பாக். என் வீட்டையும் தூக்க முடியுமா? போலே அங்காட்?”

கிழவர் வீட்டுக்கு அடியில் குனிந்து போனார். ஒவ்வொரு தூணாகத் தட்டினார். வெளியே வந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு, “போலே” என்றார். முடியும். ஆனால் ஆள் வேண்டும், நிறைய ஆள்.

அதற்குள் மாட்டு வண்டியை விட்டு லாரிக்கு மாறியிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அக்கா, அது வீடா பல்லக்கா?”

“நீ லாரியை ஓட்டு. வாயை ஓட்டாத.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், அலமாக்! திருவிழாக் கூட்டம். குடியிருந்தவர்கள், அவர்களுடைய ரயில்வே கூட்டாளிகள், கம்பத்து மலாய்க்காரர்கள், மரக்கடைச் சீனக் கூலிகள்கூட. விறகு விலை சொன்ன தவுக்கேயும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். வீட்டுக்கு அடியில் நீளத்திலும் அகலத்திலும் மூங்கில் கட்டியிருந்தார்கள். ராஜம்மா என்று ஒரு குடித்தனக்காரி மட்டும் வெளியே வர மாட்டேன் என்றாள்.

“இந்த மாச வாடகைக்கு மண்ணு சுமந்திருக்கேன். என் வீடு எங்க போகுதோ அங்க நானும் போறேன்!”

“அவ கனம் தாங்குமா?” என்று அவள் புருஷன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு பாக் சமான் கையை உயர்த்தினார்.

“சத்து! டுவா! தீகா!”

மூன்று எண்ணியதும் வீடு எழுந்தது. நான் பொய் சொல்லவில்லை. கூரையோடு, கதவோடு, கொடியில் காய்ந்த சேலையோடு, ஜன்னலில் ராஜம்மா முகத்தோடு, ஒரு முழு வீடு மண்ணை விட்டு எழுந்தது. கீழே கால்கள் மட்டும்தான் தெரிந்தன. கறுப்பு, மஞ்சள், மாநிறம் என்று எத்தனையோ கால்கள். பெரிய மரவட்டை நகர்வதுபோல வீடு செம்மண் ரோட்டில் நகர்ந்தது. எதிரே வந்த மாடு மிரண்டு சாக்கடையில் இறங்கியது. முன்னால் லாரியை விட்டு வழி ஒதுக்கியவன் நான்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது வீடு மேட்டில் ஏறும்போது மழை பிடித்தது. செம்மண் சோப்பு மாதிரி ஆனது. பின்பக்கத்து மூங்கில் ஒன்று படாரென்று முறிந்து, வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படியே இறங்கினால் தூண் ஒடியும், அடியில் இருக்கிறவனும் ஒடிவான். பாக் சமான் கத்துகிறார். புதிதாகத் தோள் கொடுக்க ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. கருப்பாயி அக்கா முந்தானையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு அந்த மூலைக்குக் கீழே புகுந்துவிட்டார். “அக்கா!” என்று ஒரு கூச்சல். உடனே சோறாக்கிக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியைப் போட்டுவிட்டு ஒவ்வொருத்தியாக அடியில் புகுந்தார்கள். வீடு மெல்ல, மெல்ல, நிமிர்ந்தது. மேடும் ஏறியது. நான் லாரியை நிறுத்திவிட்டு மழையில் நின்றுகொண்டிருந்தேன். எத்தனையோ கோயில் தேர் பார்த்தவன் நான். அன்றைக்குக் கும்பிட்ட மாதிரி என்றைக்கும் கும்பிட்டதில்லை.

அடுத்த ஞாயிறு முடிவதற்குள் ஆறு வீடும் கிராண்ட் நிலத்தில், புதுக் கல்லின்மேல் வரிசையாக நின்றன. சோறும் கருவாட்டுக் குழம்பும் எல்லாருக்கும். சாப்பிட்டுக் கை கழுவும்போது அக்கா எழுந்து நின்றார். வீங்கிய தோளில் மஞ்சள் பற்று. நன்றி சொல்லி அழப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தோம்.

“மண்ணு வேலை இன்னியோட முடிஞ்சுது. ரயில்வேல திரும்ப ஆள் எடுக்கறான். ஒண்ணாந்தேதியிலேர்ந்து வாடகை காசாத்தான். கேட்டுக்குங்க.”

ராஜம்மா புருஷன்தான் முதலில், “அக்கா, எங்க தோள் வீக்கமே இன்னும் இறங்கலையே!” என்றான்.

“வீடு இறங்கிருச்சுல்ல?”

சிரித்த சிரிப்பில் தவுக்கேகூடத் தொடையைத் தட்டினார். வீட்டைத் தோளில் சுமந்தவர்களிடமே அதற்கு வாடகை கேட்ட மனுஷி! ஒண்ணாம் தேதி காலையில் போய்ப் பார்த்தேன். அக்கா படியில் உட்கார்ந்திருக்கிறார், எதிரே வரிசை நிற்கிறது. ஒரு முகமும் கோணவில்லை.